போருக்கு முந்தைய நாட்கள்: ‘இரத்தத் திலகம்’ நிலைப்பது எதனால்?

பள்ளி, கல்லூரிப் பிரிவு விழாக்களில் அறுபது ஆண்டுகளாக ஒரு பாட்டு ஒலித்துவருகிறது: ‘பசுமை நிறைந்த நினைவுகளே’. கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்து, டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியது. கேட்டுக் கண்கலங்கும் பலருக்கு அது ஒரு போர்ப்படத்தின் பாட்டு என்பது தெரியாது. 1963 செப்டம்பர் 14 அன்று வெளிவந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில், சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த கல்லூரிக் காட்சியில் அது வருகிறது. அதே படம் முடியும்போது அந்தக் காதலர் இருவருமே உயிரோடு இல்லை.

படம் பேசிய 1962 சீனப் போர் வரலாற்றுப் புத்தகத்துக்குள் போய்விட்டது. அதன் பிரசாரக் குரல் இன்றைய காதுக்கு உரத்துக் கேட்கிறது. ஆனால் அந்தப் பிரிவுப் பாட்டுக்கும் அந்தக் காதலுக்கும் வயதாகவில்லை. ஏன் என்ற கேள்வியைக் கேரள - தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களிலிருந்து பார்த்தால் விடை தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். பிரிவு என்பது இங்கே குடும்ப வரலாற்றின் ஒரு பகுதி. தமிழ்ப் படத்தையும் மலையாளப் படத்தையும் மொழிபெயர்ப்பின்றிப் பார்க்கிறவர்கள் இங்கே வாழ்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: போர்க்காலக் காதல் படத்தின் ஆயுள், போர் வருவதற்கு முந்தைய நாட்களை அது எவ்வளவு உயிரோடு காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த நாட்களை யாருக்குக் கொடுக்கிறது, யாருக்கு மறுக்கிறது என்பதைப் பொறுத்து அதன் நேர்மை அமைகிறது.

பட்டாளமும் எல்லையும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டிக் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுக்காக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரைப் பகுதியும் இருந்தது, அது நிறைவேறவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று அந்தப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களின் நினைவை விளவங்கோடு இன்றும் போற்றுகிறது. எல்லை வந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. சந்தைக்குப் போவதும் படம் பார்க்கப் போவதும் தொடர்ந்தன. ஆனால் ஒரே திருவிதாங்கூராக இருந்த காலத்தைப் பற்றிய பேச்சு, இரண்டு பக்கத்துப் பெரியவர்களிடமும் ‘முன்னெல்லாம்’ என்று தொடங்கும் பேச்சாகவே இருந்துவந்தது.

இன்னொன்று, பட்டாளம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் படைகள் சுதந்திரத்துக்குப் பின் இந்திய ராணுவத்தோடு இணைந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆம், 16ஆம் பட்டாலியன்களாயின. தென் திருவிதாங்கூரின் கிராமங்களில் வழி சொல்கிறவர்கள் ‘பட்டாளக்காரர் வீடு’ என்று அடையாளம் காட்டுவது வழக்கம். அந்த வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி கிடக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண், பதவி, பெயர். லீவு முடிந்து போகும் நாளில் முறுக்கும் வறுத்த ஏத்தங்காயும் ஊறுகாயும் அந்தப் பெட்டிக்குள் போகும். அடுக்கி முடிக்கும்வரை வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். பிரிவைச் சொல்லில் காட்டாமல் வேலையில் காட்டுகிற வீடுகள் இவை.

போர்முனையிலிருந்து திரும்பித் திரைக்கு வந்த ஒருவரும் இந்த மண்ணுக்கு நெருக்கமானவர். திருவனந்தபுரத்துக்காரரான சத்யநேசன் நாடார் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றினார். பின்னர் காவல்துறை அதிகாரியானார். அதன்பின் ‘சத்யன்’ என்ற பெயரில் மலையாள சினிமாவின் மாபெரும் நடிகரானார். 1954இல் வந்த ‘நீலக்குயில்’ படத்தில் அவர் நடித்த ஆசிரியர், தான் காதலித்த தலித் பெண்ணைச் சாதிக்கு அஞ்சிக் கைவிடுகிறார். கடமை என்ற பெயரே இல்லாத பிரிவு அது, வெறும் கோழைத்தனம். எந்தப் பிரிவை மதிக்கலாம், எதை மன்னிக்கவே கூடாது என்ற கேள்வியை நீலக்குயிலையும் இரத்தத் திலகத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கிற எல்லைக் கிராமத்து ரசிகர் தானாகவே எழுப்பிக்கொள்வார்.

வெற்றியில்லாத போரின் படம்

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒரே நேரத்தில் தாக்கின. ஒரு மாதத்துக்குப் பின், நவம்பர் 21 அன்று, சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. இந்திய அரசின் கணக்கில் 1,383 வீரர்கள் இறந்தனர்; மேலும் 1,696 பேர் காணாமல் போனார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள், பத்தே மாதத்தில் ‘இரத்தத் திலகம்’ திரைக்கு வந்தது. அதே போரைப் பேசிய சேத்தன் ஆனந்தின் புகழ்பெற்ற இந்திப் படம் ‘ஹகீகத்’ வந்தது 1964இல்.

படத்தின் பின்னால் ஓர் அரசியலும் இருந்தது. கதை கண்ணதாசனுடையது, இயக்கம் தாதா மிராசி. 1961இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை விட்டு வெளியேறிய கண்ணதாசன், ஈ. வெ. கி. சம்பத்தின் தமிழ் தேசியக் கட்சியில் சேர்ந்திருந்தார். திராவிட நாடு கோரிக்கையை அவர்கள் எதிர்த்தார்கள். சீனப் போரை ஒட்டித் திராவிட முன்னேற்றக் கழகமே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. தமிழன் என்பதும் இந்தியன் என்பதும் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று தமிழ்நாடு தீவிரமாகப் பேசிய நேரத்தில் இந்தப் படம் வந்தது. எல்லைக் கிராமத் தமிழருக்கு இது புதிய கேள்வியாக இருந்திருக்காது. அவர்களுடைய மொழிப் போராட்டம் காங்கிரஸ் பெயரோடுதான் நடந்தது. நேசமணியும் பின்னர் இந்திய தேசிய காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றம் போனவர்.

தோற்ற போரைப் படமாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. கடைசிக் காட்சியில் காட்ட வெற்றி இல்லை. இரத்தத் திலகம் அந்த வெற்றிடத்தைக் காதலர்களின் தியாகத்தால் நிரப்புகிறது. களத்தில் கிடைக்காத பெருமையை இரண்டு தனி மனிதர்களின் முடிவு கொடுக்கிறது. கதையின் முழுப் பாரமும் காதலின் மேல் விழுவதற்கு இதுவே காரணம். அந்தக் காதலை நாம் நம்பாவிட்டால் படத்தில் எதையுமே நம்பமாட்டோம்.

கல்லூரி மேடையில் ஒரு முன்னறிவிப்பு

அந்த நம்பிக்கையைப் படம் எப்படிச் சம்பாதிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குமாரும் (சிவாஜி) கமலாவும் (சாவித்திரி) கல்லூரியில் முதலில் மோதுகிறார்கள், பிறகு நெருங்குகிறார்கள். இடையே கல்லூரி மேடையில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகக் காட்சி வருகிறது. ஒத்தெல்லோவாகச் சிவாஜி, டெஸ்டிமோனாவாகச் சாவித்திரி, வசனம் ஆங்கிலத்திலேயே. பொதுவாக இந்தக் காட்சியைச் சிவாஜியின் நடிப்பு ஆற்றலுக்குச் சான்றாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது படத்தின் திறவுகோலாகத் தெரிகிறது.

ஒத்தெல்லோ ஒரு படைத்தலைவன். குற்றமற்ற மனைவியைத் துரோகி என்று நம்பிக் கொல்கிறவன். இரத்தத் திலகத்தின் பின்பாதியில் நடப்பது அதன் மறுபதிப்பு. போர் மூள்கிறது, குமார் ராணுவத்தில் சேருகிறான். சீனா போய்ச் சேர்ந்த கமலா ஒரு சீனனின் மனைவியாகிறாள். அவள் நாட்டையும் தன்னையும் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று குமார் எண்ணுகிறான். உண்மையில் அவள் இந்தியாவுக்காக ரகசியங்களைச் சேகரிக்கிறாள். மேடையில் வேஷம் போட்டு நடித்த சந்தேகம், களத்தில் வேஷமில்லாமல் திரும்பி வருகிறது. அன்று பார்வையாளர் கைதட்டிய காட்சி இப்போது அவர்கள் வாழ்க்கையாகிவிட்டது.

பிரிவு விழாப் பாட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் போர் இல்லை, சீனா இல்லை, நாட்டுப்பற்றுப் பேச்சும் இல்லை. கூடிப் படித்தவர்கள் நாளை வேறு வேறு திசையில் போகப் போகிறார்கள். மறுபடி எங்கே, எப்போது காண்போம் என்பது தெரியவில்லை. அவ்வளவுதான் அதன் பொருள். சௌந்தரராஜனின் குரல் சோகத்தை அடக்கிவைத்து நடக்கிறது; சுசீலாவின் குரல் அதை மெல்ல அவிழ்க்கிறது. கல்லூரியை விட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்தப் பாட்டை எழுதியவருக்குத் தெரியும்: இவர்களில் இருவர் திரும்பப் போவதில்லை. அந்த முன்னறிவு வரிகளில் வெளிப்படையாக இல்லை. மெட்டின் கனத்தில் இருக்கிறது. ஆகவேதான் பாறசாலையில் பள்ளியிறுதி முடிக்கும் மாணவரும், வேலை கிடைத்து மஸ்கட் போகும் இளைஞரும், பெட்டி கட்டிப் பத்தான்கோட் போகும் பட்டாளக்காரரும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்ள முடிகிறது.

பாரிஸும் காசாபிளாங்காவும்

உலகமே கொண்டாடும் போர்க்காலக் காதல் படம் ‘காசாபிளாங்கா’. மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கத்தில் ஹம்ஃப்ரி போகார்ட்டும் இன்கிரிட் பெர்க்மனும் நடித்தது. 1942 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் முதலில் திரையிடப்பட்டபோது போரின் முடிவு யாருக்கும் தெரியாது. ஆகவே அதற்கும் காட்ட வெற்றி இல்லை. ஹிட்லரின் படைகள் நுழையும் முன் பாரிஸில் காதலித்த இருவர், அகதிகள் குவிந்து கிடக்கும் மொராக்கோ நகரத்தில் மீண்டும் சந்திக்கிறார்கள். அவள் இப்போது ஒரு விடுதலைப் போராளியின் மனைவி. கடைசியில் விமான நிலையத்தில் அவன் அவளைக் கணவனோடு அனுப்பிவைக்கிறான்.

இந்தப் படத்திலும் காலத்தைத் தாண்டி வந்தது ஒரு பாட்டுதான். அது 1931இல் வேறொரு நாடகத்துக்காக ஹெர்மன் ஹப்ஃபெல்ட் எழுதியது. போருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உணவு விடுதியின் பியானோவில் அது ஒலிக்கும்போது பாரிஸின் நாட்கள் திரும்பி வருகின்றன. இரத்தத் திலகத்தில் கல்லூரி எதுவோ, காசாபிளாங்காவில் பாரிஸ் அது. இரண்டு படங்களும் போர்க்காலக் காதலின் இதயத்தைப் போரற்ற காலத்தில் வைத்தன. அந்தக் காலத்தை ஒரு பாட்டுக்குள் பத்திரப்படுத்தின. போர் முடிந்தபின் போர்க்களம் பழசாகிறது. பாட்டுக்குள் இருக்கும் காலம் பழசாவதில்லை.

காசாபிளாங்காவுக்கு இன்னொரு பலம் உண்டு. விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாட, அங்கிருந்தவர்கள் பிரெஞ்சு தேசிய கீதத்தை எழுப்பி அதை மூழ்கடிக்கும் காட்சியில் நடித்த பலர், ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி வந்த உண்மையான அகதிகள். நாஜி அதிகாரியாக நடித்த கான்ராட் வைட், யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். நாட்டை இழந்தவர்களின் கண்ணீர் அதில் நடிப்பல்ல. எதிரியின் வேடத்தில் எதிரியால் துரத்தப்பட்டவர் நின்றதும் படத்துக்கு ஓர் ஆழம் தந்தது. அந்த ஆழத்தைத் தமிழ்ப் படத்தில் தேடும்போதுதான் குறை கண்ணில் படுகிறது.

காதலைச் சுட்டவள்

குறைக்கு வரும் முன், தமிழில் இதே கேள்விக்குக் கிடைத்த வேறு விடைகளையும் பார்க்க வேண்டும். 1945இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் எடுத்த ‘பர்மா ராணி’, ஜப்பான் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப் படையினரின் கதை. பிரிட்டிஷ் அரசின் போர் முயற்சிக்கு ஆதரவாக வந்த படம். அன்று பர்மா அரிசி நின்றுபோனதால் திருவிதாங்கூர் முழுவதும் மரச்சீனிக் கிழங்கில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தது. திரையில் பர்மா சாகசமாக வந்தது. அடுப்பில் பட்டினியாக வந்தது.

1954இல் ஏ.வி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இன்னும் துணிச்சலானது. 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பான் குண்டு போட்ட நாளை ஒட்டிய கதை. ஜப்பானுக்கு உளவு சொல்லும் ரேடியோ பொறியாளர் சிவாஜி. நாட்டுப்பற்று மிக்க மனைவி பண்டரிபாய். படம் தொடங்கும்போதே கணவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சுட்டது மனைவி என்பது கடைசியில் தெரிகிறது. ஒத்தெல்லோவின் கதையை இது தலைகீழாக்குகிறது: இங்கே துரோகம் உண்மை, தீர்ப்பு மனைவியின் கையில். அறிவாளிகள் கொண்டாடும் படம். தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று. ஆனால் இரத்தத் திலகத்தின் பாட்டு மக்கள் நாவில் தங்கியதுபோல அது தங்கவில்லை. பாட்டே இல்லாத படம் என்பது ஒரு காரணம். காதலிக்கும் நாட்களைவிடக் குற்றத்தின் புதிரையே அது பெரிதாக்கியது என்பது இன்னொரு காரணம். மக்கள் நினைவில் வைத்திருக்க விரும்புவது குற்றத்தை அல்ல, இழந்ததை.

மறுக்கப்பட்ட காதல்

இரத்தத் திலகத்தில் கமலா சீனனை மணப்பது ஒரு வேஷம். அவள் உள்ளம் அதில் இல்லை. இருக்கவும் கூடாது என்று படம் கருதுகிறது. படத்தின் சீனர்களுக்கு அன்பு செய்யும் உரிமையே இல்லை. 1962இன் கோபத்தில் அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அதே மாதங்களில் இந்தியாவில் உண்மையான இந்திய - சீனக் குடும்பங்கள் என்ன ஆயின என்று கேட்க வேண்டும்.

அசாமின் மாக்கும் என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த சீனத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்தார்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, அசாமிய மொழி பேசி, அந்த மண்ணோடு கலந்தவர்கள். போரின்போது இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினர் பிடிக்கப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டார்கள். பலர் தாங்கள் பார்த்தேயிராத சீனாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அசாமிய எழுத்தாளர் ரீத்தா சௌத்ரி இதை ‘மாக்காம்’ என்ற நாவலாக எழுதினார். 1962இன் மிகப் பெரிய போர்க்காலக் காதல் கதைகள் அங்கேதான் நடந்தன. அவற்றைப் பாட ஒரு கண்ணதாசன் கிடைக்கவில்லை.

கோடு போட்ட பிறகு அந்தப் பக்கம் போனவர்கள் திடீரென அந்நியராவது எப்படி என்பதை எல்லைக் கிராமங்கள் அறியும். பாறசாலையின் எல்லையில் கடவுச்சீட்டும் முள்வேலியும் வரவில்லை. மாக்கும் மக்களுக்கு நேர்ந்தது இங்கே யாருக்கும் நேரவில்லை. அது நம் நல்லூழ். அந்த நல்லூழ் கிடைத்தவர்கள், அது கிடைக்காதவர்களின் கதையைப் படத்தில் காணாதபோது கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

அறுபத்தோரு ஆண்டுகளுக்குப் பின்

2024 அக்டோபர் 31 அன்று வந்த ‘அமரன்’ படத்தோடு இந்த வடிவம் புதிய தலைமுறைக்கு வந்தது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கத்தில் சிவகார்த்திகேயனும் சாய் பல்லவியும் நடித்தது. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணமடைந்து, அசோக சக்கரம் வழங்கப்பட்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை அது. தமிழரான முகுந்தும் மலையாளக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த இந்து ரெபேக்கா வர்கீஸும் சந்தித்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். மறுபடியும் கல்லூரி, மறுபடியும் சீருடை, மறுபடியும் திரும்பாத பயணம்.

எல்லைக் கிராமத்தில் இந்தப் படத்துக்கு இன்னொரு நெருக்கம் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து வரும் வீட்டுப் பேச்சு இங்கே தினசரி வாழ்க்கை. வேற்றுமொழி, வேற்றுமதத் திருமணத்துக்குப் பெற்றோர் தயங்குவதும், பிறகு இளகுவதும் இங்கே பல வீடுகளில் நடந்தவை. 1963இல் கமலா சீனாவில் தனியே நின்று ரகசியம் காத்தாள்; அவள் மனம் என்ன என்பது குமாருக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அமரனில் கதையைச் சொல்வதே மனைவிதான். காத்திருப்பவளின் பார்வையில் போர் சொல்லப்படுகிறது. அறுபத்தோரு ஆண்டுகளில் தமிழ்ப் போர்க்காலக் காதல் கண்ட மிகப் பெரிய வளர்ச்சி இதுவென்பேன். பட்டாளக்காரர் வீடுகளில் பெட்டியை அடுக்கியவர்களுக்கு முதல் முறையாகக் கதைசொல்லும் இடம் கிடைத்தது.

ஆனால் பழைய குறை போகவில்லை. காஷ்மீர் மக்களைச் சித்திரித்த விதத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. நம் பக்கத்துக் காதலை இவ்வளவு நுட்பமாகச் சொல்லத் தெரிந்த சினிமா, மறுபக்கத்தில் கதவைத் தாழிட்டுக் காத்திருக்கும் ஒரு மனைவியைக் காட்டத் தயங்குகிறது. இரத்தத் திலகம் 1963இல் செய்த தவறைப் போர்ச்சூழலின் கோபம் என்று புரிந்துகொள்ளலாம். இன்று அதே தவறைச் செய்வதற்கு அந்தச் சலுகை இல்லை.

எது நிலைக்கும்

போர்க்காலக் காதல் படங்களை நாட்டுப்பற்றின் அளவுகோலால் மட்டும் அளக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்த அளவுகோல் ஒவ்வொரு போரோடும் மாறிவிடுகிறது. பர்மா ராணி யாருடைய போரை ஆதரித்தது என்பதே இன்று பலருக்கு நினைவில்லை. மாறாமல் நிற்பது, இரண்டு பேர் நிம்மதியாகக் காதலிக்க முடிந்த ஒரு காலம் இருந்தது என்ற சாட்சி. இரத்தத் திலகத்தின் கல்லூரிக் காட்சிகள் அந்தச் சாட்சியைச் சொல்கின்றன. அதனால்தான் படத்தைப் பார்க்காதவர்கள்கூடப் பாட்டைக் கைவிடவில்லை.

அந்தக் காலம் நமக்கு மட்டும் இருந்ததில்லை. மாக்கும் தம்பதிகளுக்கும் இருந்தது, ஷோபியான் வீடுகளுக்கும் இருந்தது. தமிழில் அடுத்து வரும் போர்க்காலக் காதல் படம், எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு கல்லூரியும் ஒரு பிரிவு விழாவும் இருந்திருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்க வேண்டும். இரண்டு மொழியில் கனவு காணும் பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற ஊர்களிலிருந்து அப்படி ஒரு கதையை எழுதுகிறவர் வரலாம். இரு பக்கத்திலும் உறவு வைத்திருப்பவரால் ஒரு பக்கத்தை மட்டும் மனிதராகக் காட்ட முடியாது.